வக்காலத்தில் ஒரே பெயர்

கூட்டாளியும் மாதச் சம்பளமும் இல்லாமல், தன் பெயரில் மட்டும் வக்காலத்துப் போட்டு முப்பது நாற்பது ஆண்டுகள் தொழில் நடத்துபவர் தனி வக்கீல். தமிழ்நாட்டின் மாவட்ட, தாலுகா நீதிமன்றங்களில் வழக்காடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இவர்கள்தான். வீட்டின் முன்னறையோ, கோர்ட்டுக்கு எதிர்ச்சந்தில் வாடகைக்குப் பிடித்த மாடியறையோ அலுவலகம். நெடுநாளாக உடனிருக்கும் ஒரு குமாஸ்தா, தொழில் கற்றுக்கொண்டு பிரிந்துபோகும் ஜூனியர்கள் ஓரிருவர், சுவரோரம் ஆண்டுவாரியாக அடுக்கிய கேஸ் கட்டுகள். காலையில் முன்சீப் கோர்ட், பிறகு சார்பு நீதிமன்றம், நடுவில் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒரு ஆஜர், மாலையில் கட்சிக்காரர்கள் என்று நாள் போகும்.

இத்தகைய தொழிலுக்குக் காலம் முடிந்துவிட்டது என்ற கருத்து இன்று பரவலாக வேரூன்றியிருக்கிறது. சட்டக் கல்லூரி மாணவர்கள் அப்படி நினைக்கிறார்கள். நீதித்துறைச் சீர்திருத்தம் பேசுபவர்கள் அப்படி எழுதுகிறார்கள். நாற்பது ஆண்டு வக்கீலின் சொந்தப் பிள்ளைகளே அப்படிச் சொல்லிக்கொண்டு சென்னைக்கும் பெங்களூருக்கும் போகிறார்கள்.

மறுப்பதற்கு முன் அந்தக் கருத்தை அதன் வலுவான வடிவில் எடுத்துவைக்க வேண்டும். சட்டம் இன்று ஒருவர் தலைக்குள் அடங்காத அளவுக்குப் பெருகிவிட்டது. சரக்கு சேவை வரி, திவால் சட்டம், மனை விற்பனை ஒழுங்குமுறை என்று ஒவ்வொன்றும் தனித் துறை. எல்லாவற்றையும் தொடுபவருக்கு எதுவும் ஆழமாகத் தெரியாது. ஒரே ஆள் ஒரே காலையில் மூன்று கோர்ட்டில் நிற்க முடியாது என்பதால் வாய்தா வாங்குகிறார், வழக்கு இழுபடுகிறது. திறமையுள்ளவர்கள் உயர் நீதிமன்றத்துக்கோ பெரிய சட்ட நிறுவனங்களுக்கோ போய்விட, போக முடியாதவர்களே ஊரில் தங்குகிறார்கள். தனி வக்கீல் படுத்தால் கட்சிக்காரர் திண்டாடுகிறார். நிறுவனத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. மீதி வேலையை அரசின் சட்ட உதவியும் கணினியும் பார்த்துக்கொள்ளும். ஆகவே தனித் தொழில் என்பது வளர்ச்சியில் கடந்துபோக வேண்டிய ஒரு படி.

இந்த வாதத்தில் பொய்யான செய்தி என்று எதுவும் இல்லை. முடிவுதான் தவறு. அந்தச் செய்திகளிலிருந்து அந்த முடிவு கிடைக்கவில்லை.

1. சட்டம் யாரைப் பொறுப்பாக்குகிறது?

இந்தியாவில் வழக்காடும் உரிமை ஆளுக்குத் தரப்பட்டிருக்கிறது. 1961ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டம் பதிவு செய்வது தனி மனிதரை. தவறு செய்தால் 35ஆம் பிரிவின்கீழ் பார் கவுன்சிலின் ஒழுங்கு நடவடிக்கைக் குழு முன் நிற்பதும், கண்டிக்கப்படுவதும், இடைநீக்கம் செய்யப்படுவதும், பட்டியலிலிருந்து பெயர் அடிக்கப்படுவதும் தனி மனிதரே. நூறு பேர் கொண்ட நிறுவனத்திலிருந்து வந்தாலும் வக்காலத்தில் கையெழுத்திடுவது பெயருள்ள ஒருவர்தான்.

உரிமையியல் நடைமுறைச் சட்டம் இன்னும் ஆழமாகப் போகிறது. அதன் 3ஆம் கட்டளை, 4ஆம் விதிப்படி, ஒருமுறை தாக்கலான வக்காலத்து, நீதிமன்றத்தின் அனுமதியோடு முடிக்கப்படும்வரை, அல்லது கட்சிக்காரரோ வக்கீலோ இறக்கும்வரை, அல்லது அந்த வழக்கின் நடவடிக்கைகள் அனைத்தும் முடியும்வரை உயிரோடு இருக்கும். தீர்ப்பை மறு ஆய்வு செய்யக் கோரும் மனுவும் அந்த நடவடிக்கைகளில் அடக்கம். 1976இல் சேர்த்த 22ஆம் கட்டளையின் 10ஏ விதி மேலும் ஒன்று சொல்கிறது: கட்சிக்காரர் இறந்துபோனால் அதை நீதிமன்றத்துக்குத் தெரிவிக்க வேண்டியது அவருடைய வக்கீலின் கடமை, அந்தக் கடமைக்காக மட்டும், இறந்தவரோடு வக்கீல் செய்துகொண்ட ஒப்பந்தம் தொடர்வதாகவே கொள்ளப்படும். சாவுக்குப் பிறகும் நீடிக்கும் உறவாகச் சட்டம் இதை அமைத்திருக்கிறது. வேலை மாறிப் போகும் சம்பளக்காரரை மனத்தில் வைத்து இப்படி ஒரு விதியை எழுதியிருக்க முடியாது.

பெரிய நிறுவனம்தான் இயற்கையான வளர்ச்சி என்பவர்கள் அதன் வயதையும் கவனிக்க வேண்டும். 1956ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டம் கூட்டு நிறுவனங்களில் 20 பேருக்கு மேல் பங்காளிகளாக இருக்க இடம் தரவில்லை. 2008இல் வரையறுத்த பொறுப்புக் கூட்டாண்மைச் சட்டம் வந்த பிறகே இந்தியச் சட்ட நிறுவனங்கள் அந்தக் கட்டிலிருந்து வெளியே வந்தன. ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் மாவட்ட நீதிமன்ற முறையை இந்தக் குறுகிய காலத்தை வைத்து அளப்பது சரியான அளவை ஆகாது.

நிறுவனங்கள் மிகப் பெரிதாக வளர்ந்த அமெரிக்காவிலும் தனித் தொழில் அழியவில்லை. 2000ஆம் ஆண்டின் கணக்குப்படி அங்கே தனியார் தொழிலில் இருந்த வக்கீல்களில் 48 விழுக்காட்டினர் தனியாகவே நடத்திவந்தார்கள். அதற்கு இருபது ஆண்டு முன்பும் ஏறத்தாழ அதே அளவு. ஹைன்ஸ், லாமன் ஆகிய இரு ஆய்வாளர்கள் சிகாகோ நகர வக்கீல்களை 1975இல் ஆராய்ந்து, அந்தத் தொழில் இரண்டு தனி உலகங்களாகப் பிரிந்திருப்பதைக் காட்டினார்கள்: ஒன்று கம்பெனிகளுக்கு வேலை செய்வது, மற்றது தனி மனிதர்களுக்கும் சிறு கடைக்காரர்களுக்கும் வேலை செய்வது. 1995இல் மறுபடி ஆராய்ந்தபோது முதல் உலகம் பெருத்து, இரண்டாவது உலகத்தின் பங்கு சுருங்கியிருந்தது. கம்பெனிகளின் வேலை பெருகியதால் நிறுவனங்கள் வளர்ந்தன என்பதே இதன் பொருள். வாடகைத் தகராறும் விவாகரத்தும் பெரிய நிறுவனங்களின் கைக்குப் போய்விட்டன என்று இதிலிருந்து யாரும் சொல்ல முடியாது.

2. ‘எல்லாவற்றையும் தொடுபவர்’ என்ற குறை

கட்சிக்காரரின் தொல்லை துறை பிரித்துக்கொண்டு வருவதில்லை. அண்ணன் தம்பிக்குள் பாகத் தகராறு என்று ஒருவர் வருகிறார். விசாரித்தால், அண்ணன் பெயருக்குப் பட்டா மாறியிருக்கிறது. அதற்குக் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு. வேலியை அகற்றியதற்காகக் காவல் நிலையத்தில் ஒரு புகார், அதற்கு முன்ஜாமீன். நிலத்தின் மேல் கூட்டுறவு வங்கிக் கடன். சமரசம் பேசியபோது கொடுத்த காசோலை திரும்பி வந்திருக்கிறது. வங்கி தகவல் தந்த 30 நாளுக்குள் நோட்டீஸ், பெற்ற 15 நாளுக்குள் பணம் வராவிட்டால் அடுத்த ஒரு மாதத்துக்குள் புகார் என்று அதற்குத் தனிக் கெடு ஓடிக்கொண்டிருக்கிறது. ஐந்து துறை நிபுணர்களிடம் ஐந்து கட்டுகளாக இதைப் பிரித்துக் கொடுத்தால், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் ஒப்புக்கொண்ட ஒரு சொல் சார்பு நீதிமன்றத்தில் பாகத்தையே கவிழ்த்துவிடும் என்பதைப் பார்க்க யாரும் இருக்க மாட்டார்கள். முழுக் குடும்பத்தையும் ஒரே பார்வையில் வைத்திருப்பது ஒரு தனித் திறமை. அதைப் பாடத்திட்டம் எதுவும் கற்றுத் தருவதில்லை.

நீண்ட தொழில் வாழ்க்கையின் மதிப்பும் பாக வழக்கில்தான் மிகத் தெளிவாகத் தெரிகிறது. 1980களின் நடுவில் தொழிலுக்கு வந்த ஒரு வக்கீலை எண்ணிப் பார்க்கலாம். அப்போது இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குப் பிறப்புரிமை இல்லை. தந்தையின் பங்கில் வாரிசாக மட்டுமே அவளுக்கு ஏதேனும் கிடைக்கும். தமிழ்நாடு 1990ஆம் ஆண்டின் 1ஆம் சட்டத்தைக் கொண்டுவந்து, 25.3.1989 முதல் நடப்புக்கு வருவதாக, அந்த நாளில் திருமணமாகாமல் இருந்த மகள்களுக்கு மகனுக்குச் சமமான பங்கு தந்தது. அதற்கு முன்பே மணமானவர்களுக்கு இல்லை. ஒரே வீட்டில் அக்காவுக்கு இல்லாத உரிமை தங்கைக்கு இருந்தது. 9.9.2005 முதல் மத்தியச் சட்டத் திருத்தம் எல்லா மகள்களுக்கும் அதை விரித்தது. அந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டுமா என்ற கேள்வி எழுந்து, 2015இல் உச்ச நீதிமன்றம் ஆம் என்றது; 11.8.2020 அன்று வினீதா சர்மா வழக்கில் வேண்டியதில்லை என்றது. 20.12.2004க்கு முன் முறைப்படி முடிந்த பாகப் பிரிவினைகளுக்கு விலக்கு.

இதற்கிடையே 2011இல் கண்டூரி கோட்டேஸ்வரம்மா வழக்கில், முதல்நிலைத் தீர்ப்பாணை வந்துவிட்டாலும் இறுதித் தீர்ப்பாணை வராதவரை பங்குகளைத் திருத்தி அமைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. பாக வழக்கில் முதல்நிலைத் தீர்ப்பாணை யாருக்கு எத்தனை பங்கு என்று மட்டும் சொல்லும். பிறகு இறுதித் தீர்ப்பாணைக்குத் தனி மனு போட்டு, வக்கீல் கமிஷனர் நிலத்தை அளந்து, முத்திரைத்தாளில் தீர்ப்பாணை எழுதி, நிறைவேற்று மனுவின் பேரில் அமீனா போய்ச் சுவாதீனம் கொடுக்க வேண்டும். இந்தத் தொடர் இருபது ஆண்டு நீள்வது புதிதல்ல. ஆகவே 1988இல் மகள்களை விட்டுவிட்டுப் போட்ட ஒரு பிராது, 2006இலும் இறுதித் தீர்ப்பாணை வராமல் கிடந்தால், அந்தக் கட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்து, பங்குக் கணக்கு மாறுகிறது என்று சொல்ல ஒருவர் தேவை. எந்த மகளுக்கு எந்த ஆண்டு கல்யாணம் ஆனது, எந்தச் சர்வே எண் 1994இல் விற்றுப்போனது, யார் எங்கே கையெழுத்துப் போட மறுத்தார் என்பதெல்லாம் பிராதில் இருக்காது. மூன்று சட்ட நிலைகளையும் ஒரே கட்டில் கடந்து வந்தவரின் நினைவில்தான் இருக்கும். ஒருவர் தலைக்குள் சட்டம் அடங்காது என்பவர்கள், ஒரு குடும்பத்தின் வழக்கு ஒருவர் தலைக்குள் மட்டுமே அடங்கும் என்பதைக் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

இதில் பொறுப்பும் கடுமையானது. வழக்கு நடக்கும்போது ஒரு கட்சிக்காரர் இறந்தால் 90 நாளுக்குள் அவருடைய வாரிசுகளைச் சேர்க்க வேண்டும். தவறினால் அவரைப் பொறுத்தவரை வழக்கு அற்றுப்போகும். அதை நீக்கக் கேட்க இன்னும் 60 நாள். ஊர்ச் சாவு யாரும் சொல்லாமலே காதுக்கு எட்டும் இடத்தில் வக்கீல் இருப்பதால்தான் அந்த 90 நாள் பெரும்பாலும் தப்பாமல் காக்கப்படுகிறது.

வரியிலும் திவால் சட்டத்திலும் நிபுணர் வேண்டும் என்பது உண்மையே. தனி வக்கீல் அவர்களிடம் அனுப்பத்தான் செய்கிறார். எதை அனுப்ப வேண்டும், எதை அனுப்ப வேண்டாம் என்று தெரிந்திருப்பதும் அவர் வேலையின் பகுதி.

3. வாய்தாவுக்கு யார் காரணம்?

தாமதத்தின் பழி முழுவதும் வக்கீல் தலையில் விழுவது கேட்பதற்கு எளிதாக இருக்கிறது. இந்தியாவின் மாவட்ட நீதிமன்றங்களில் 4 கோடிக்கும் மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருக்கின்றன. பத்து லட்சம் மக்களுக்கு 50 நீதிபதிகள் வேண்டும் என்று சட்ட ஆணையம் தன் 120ஆம் அறிக்கையில் 1987இலேயே பரிந்துரைத்தது. 2002இல் உச்ச நீதிமன்றமும் அதையே ஆணையிட்டது. இன்றைய எண்ணிக்கை சுமார் 21. அந்த இடங்களிலும் ஒரு பகுதி எப்போதும் காலியாகவே கிடக்கிறது. குறுக்கு விசாரணை நடுவில் இருக்கும்போது நீதிபதி மாற்றலாகிப் போவதும், பொறுப்பு நீதிபதி வாய்தா மட்டும் போட்டுக்கொண்டிருப்பதும், எதிர்மனுதாரருக்கு அழைப்பாணை சார்வாகாமல் திரும்புவதும், அரசுத் தரப்பு எதிருரை தாக்கல் செய்ய ஆண்டுக்கணக்கில் காலம் கேட்பதும் தனி வக்கீலால் நேர்பவை அல்ல.

நோக்கத்தைப் பார்த்தாலும் குற்றச்சாட்டு நிற்கவில்லை. மாவட்டங்களில் சிவில் வழக்குக்கு மொத்தமாக இவ்வளவு என்று கட்டணம் பேசித் தவணையில் வாங்குவது பரவலான வழக்கம். ஆறு ஆண்டில் முடிய வேண்டியது பதினாறு ஆண்டு நீண்டால் அதே தொகைக்குப் பத்து ஆண்டு கூடுதலாக வேலை. வழக்கில் வரும் பலனில் பங்கு கேட்பதையும் பார் கவுன்சில் விதிகள் தடை செய்கின்றன. மணிக்கணக்கில் கட்டணம் எழுதும் நிறுவன முறையில்தான் நேரம் நீள நீள வருமானம் கூடும். இழுத்தடிப்பதால் யாருக்கு லாபம் என்று கேட்டால், விடை எதிராளி தரப்பு என்றே பல வழக்குகளில் வரும்: நிலம் யார் அனுபவத்தில் இருக்கிறதோ அவருக்கு ஒவ்வொரு வாய்தாவும் ஒரு மகசூல்.

ஒரே நாளில் இரண்டு கோர்ட்டில் வழக்கு அழைக்கப்படுவதால் வாய்தா கேட்க நேர்வது உண்டு. அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் அது நேரப் பங்கீட்டின் குறை. எந்த வழக்கு எந்த மணிக்கு என்று முன்கூட்டி ஒதுக்கினால் தீரக்கூடியது. அதற்காகத் தொழிலின் அமைப்பையே கலைக்கச் சொல்வது நோய்க்குச் சம்பந்தமில்லாத மருந்து.

நடைமுறைச் சட்டத்தின் 17ஆம் கட்டளை ஒரு தரப்புக்கு மூன்று வாய்தாவுக்கு மேல் கூடாது என்கிறது. 1999, 2002 திருத்தங்கள் வந்தபோது அவற்றை உச்ச நீதிமன்றத்துக்கு எடுத்துச் சென்ற வழக்குகளில் முதன்மையானது சேலம் வழக்கறிஞர் சங்கத்தின் பெயரில் இருக்கிறது. 2002இலும் 2005இலும் வந்த அந்தத் தீர்ப்புகள், எதிருரைக்கான 90 நாள் கெடுவையும் வாய்தா வரம்பையும் எப்படிப் புரிந்துகொள்வது, சமரச முறைகளை எப்படி நடத்துவது என்று நாடு முழுவதற்கும் வரையறுத்தன. சிவில் நடைமுறை படிக்கும் மாணவர் எவரும் சேலத்தின் பெயரைத் தாண்டிப் போக முடியாது. தேக்கத்துக்குக் காரணம் என்று சொல்லப்படும் மாவட்ட வக்கீல்கள்தான் நடைமுறைச் சட்டத்தின் எல்லைகளை வரைய வைத்தார்கள்.

4. தேறாதவர்கள் தங்கிய இடமா?

மேல் நீதிமன்றத்தில் இருப்பவர் மேலானவர் என்ற எண்ணம் வழக்கு எப்படி உருவாகிறது என்பதை அறியாததால் வருகிறது. 1976ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, இரண்டாம் மேல்முறையீட்டில் உயர் நீதிமன்றம் கணிசமான சட்டக் கேள்வி இருந்தால் மட்டுமே தலையிடலாம். மேல்முறையீட்டில் புதுச் சான்று சேர்ப்பதற்கு 41ஆம் கட்டளையின் 27ஆம் விதி மிக ஒடுக்கமான வழியே விடுகிறது. ஆகவே 1962ஆம் ஆண்டுக் கிரயப் பத்திரத்தை முன்சீப் கோர்ட்டில் சான்றாவணமாகக் குறிக்காமல் விட்டால், சாட்சியிடம் கேட்க வேண்டிய ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால், பிறகு சென்னையிலோ தில்லியிலோ எவ்வளவு பெரிய மூத்த வழக்கறிஞரை வைத்தாலும் அந்த ஓட்டையை அடைப்பது அரிது. உச்ச நீதிமன்றத்தில் பேசப்படும் ஒவ்வொரு சிவில் மேல்முறையீடும் எங்கோ ஒரு தாலுகா ஊரில் ஒரு தனி வக்கீல் கட்டிய சான்றின் மேல்தான் பேசப்படுகிறது.

வரலாறும் இந்த எண்ணத்துக்கு ஆதரவாக இல்லை. வ.உ.சிதம்பரனார் ஒட்டப்பிடாரத்திலும் தூத்துக்குடியிலும் தனியாகத் தொழில் நடத்திய பிளீடர். சிறைத் தண்டனையால் பறிபோன அவருடைய உரிமம் வாலேஸ் என்ற ஆங்கிலேய நீதிபதியால் திரும்பக் கிடைத்தது. நன்றியாக மகனுக்கு வாலேசுவரன் என்று பெயர் வைத்தார். ராஜாஜி 1900இல் தொழில் தொடங்கியது சேலத்தில். மதுரையில் வழக்காடிய பாரிஸ்டர் ஜார்ஜ் ஜோசப் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் சிக்கிய பிரமலைக் கள்ளர்களுக்காக நின்றார். ‘ரோசாப்பூ துரை’ என்று அந்த மக்கள் இன்றும் அவரை நினைக்கிறார்கள். பிற்காலத்தில் உச்ச நீதிமன்ற நீதிபதியான வி.ஆர்.கிருஷ்ணய்யர் அன்று சென்னை மாகாணத்தில் இருந்த தலச்சேரியில் விவசாயிகளுக்கும் தொழிலாளர்களுக்கும் ஆஜரானவர். மங்களூர் மாவட்ட நீதிமன்றத்தில் தொழில் பழகிய எம்.கே.நம்பியார் 1950இல் தடுப்புக் காவலில் இருந்த ஏ.கே.கோபாலனுக்காக உச்ச நீதிமன்றத்தில் வைத்த வாதம் அன்று தோற்றது. உயிரையும் சுதந்திரத்தையும் பறிக்கும் நடைமுறை நியாயமானதாக இருக்க வேண்டும் என்ற அந்தச் சிந்தனையை 1978இல் மேனகா காந்தி வழக்கில் அதே நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

5. யாருக்கும் கட்டுப்படாமல் இருப்பதன் விலை

ஒரு கட்சிக்காரரை இழந்தாலும் தொழில் நிற்காது என்ற நிலைமையே வக்கீலின் சுதந்திரம். இருநூறு சிறு கட்டுகள் உள்ள தனி வக்கீலை எந்தக் கட்சிக்காரரும் மிரட்ட முடியாது. வங்கியும் காப்பீட்டு நிறுவனமும் பெரும் கட்டுமானக் கம்பெனியும் கொடுக்கும் வேலையில் வாழும் நிறுவனம் அவற்றுக்கு எதிராக வக்காலத்து எடுக்க முடியாது. நலன் மோதல் விதியே அதைத் தடுக்கும்; விதி தடுக்காத இடத்தில் வருமானம் தடுக்கும். நிலம் கையகப்படுத்தலில் இழப்பீடு குறைந்துபோன விவசாயியும், ஆலையில் கை போன தொழிலாளியும், தவணை கட்ட முடியாமல் வீடு ஏலத்துக்கு வந்த குடும்பமும் எதிர்த்து நிற்பது இத்தகைய பெரிய அமைப்புகளைத்தான். ஓர் ஊரில் எல்லா வக்கீல்களும் நாலைந்து நிறுவனங்களில் அடங்கிவிட்டால் இவர்களுக்கு ஆஜராக யார் மிஞ்சுவார்கள் என்ற கேள்விக்கு, தனித் தொழில் ஒழிய வேண்டும் என்பவர்கள் பதில் சொன்னதில்லை.

தனி வக்கீலுக்கும் அழுத்தங்கள் உண்டு. சாதி, கட்சி, அரசு வழக்கறிஞர் பதவி, வங்கிப் பட்டியலில் இடம் என்று அவை வரும். சில நேரம் சக வக்கீல்களின் சங்கத்திடமிருந்தே வரும். குறிப்பிட்ட போலீஸ்காரர்களுக்காக யாரும் ஆஜராகக் கூடாது என்று கோவை வழக்கறிஞர் சங்கம் போட்ட தீர்மானம் உச்ச நீதிமன்றம்வரை போனது. 2010 டிசம்பரில் முகமது ரஃபி வழக்கில், இத்தகைய தீர்மானங்கள் செல்லாதவை, தொழில் அறத்துக்கும் அரசமைப்புக்கும் எதிரானவை என்று நீதிமன்றம் அறிவித்தது. உரிய கட்டணம் தர முன்வரும் எவருடைய வழக்கையும் ஏற்பது கடமை என்ற பார் கவுன்சில் விதி ஒவ்வொரு வக்கீலையும் தனித்தனியாகக் கட்டுகிறது. கூட்டம் மறுத்தாலும் ஒருவர் ஏற்கலாம் என்பதே அதன் உள்ளடக்கம். கூட்டமாகவே இயங்கும் அமைப்பில் அந்த ஒருவருக்கு இடம் சுருங்கும்.

6. சட்ட உதவியும் கணினியும்

1987இல் இயற்றப்பட்டு 1995இல் நடப்புக்கு வந்த சட்டப் பணிகள் ஆணையங்கள் சட்டம் பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதி, பழங்குடியினர், காவலில் உள்ளவர்கள் முதலியோருக்கு இலவச உதவி தருகிறது. மதிக்கத்தக்க சட்டம். ஆனால் அதன் பட்டியலில் உள்ள வக்கீல்கள் பெரும்பாலும் யார்? அதே ஊரின் தனி வக்கீல்கள். 2022 முதல் மாவட்டங்களில் முழுநேர எதிர்வாதி வக்கீல்கள் அமர்த்தப்படுகிறார்கள் என்றாலும் அவர்கள் வேலை குற்ற வழக்குகளோடு நிற்கிறது. தனித் தொழில் இல்லாத ஊரில் சட்ட உதவிக்கும் ஆள் இருக்காது.

கணினி பற்றிய நம்பிக்கைக்கு 2023 ஜூனில் நியூயார்க் நீதிமன்றம் ஒன்று பதில் கொடுத்தது. விமான நிறுவனத்துக்கு எதிரான ஒரு வழக்கில், செயற்கை நுண்ணறிவு எழுதித் தந்த, நடக்கவே நடக்காத வழக்குகளை முன்தீர்ப்புகளாகக் காட்டியவர்களுக்கு 5,000 டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அபராதம் கட்டியது மென்பொருள் அல்ல. மனுவில் பெயர் போட்டவர்கள். மின்தாக்கலும் இணையவழி வழக்குநிலைத் தகவலும் உண்மையில் தனி வக்கீலுக்கே கூடுதல் வலு: நகலுக்காகச் சென்னைக்குப் பஸ் ஏறிய நாட்களை அவை மிச்சப்படுத்துகின்றன.

7. உண்மையான குறைகள்

மேற்சொன்ன கருத்தில் மறுக்க முடியாத பகுதி ஒன்று இருக்கிறது. தனி வக்கீல் திடீரென இறந்தால் கட்டுகள் அநாதையாகின்றன. வாய்தா தேதி எழுதிய டைரி குமாஸ்தாவிடம் இருக்கும். எந்த மனுவுக்கு எந்தக் கெடு என்பது யாருக்கும் தெரியாது. ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஆன பிறகே கட்சிக்காரருக்கு விவரம் தெரியவரும். மூத்தவர் நோயில் கிடக்கும் மாதங்களிலும் இதே கதை. இது பெருங்குறை. சட்டத்துறை இதைக் கவனிக்காமல் விட்டது தவறு.

ஜூனியர்களின் நிலையும் அப்படியே. பஸ் கட்டணத்துக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டு ஐந்தாறு ஆண்டு உழைக்க வசதியான வீட்டுப் பிள்ளைகளால்தான் முடியும். முதல் தலைமுறையாகச் சட்டம் படித்தவர்களும் பெண்களும் நடுவழியில் விட்டுப்போகிறார்கள். 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் தலையிட்ட பிறகு, தமிழ்நாடு புதுச்சேரி பார் கவுன்சில் சென்னை, மதுரை, கோவையில் மாதம் 20,000 ரூபாயும் மற்ற மாவட்டங்களில் 15,000 ரூபாயும் ஜூனியர்களுக்குக் குறைந்தபட்சமாகத் தர வேண்டும் என்று சுற்றறிக்கை விட்டது. அதே ஆண்டு அக்டோபரில் இந்திய பார் கவுன்சிலும் நகரத்துக்கும் கிராமத்துக்கும் இதே அளவுகளைப் பரிந்துரைத்தது. தாலுகா ஊர் வக்கீல்கள் பலருக்கு இந்தத் தொகையைத் தனியாகச் சுமப்பது கடினம் என்பதால், ஒரு பகுதியைப் பொது நிதியிலிருந்து தராமல் இந்தப் பரிந்துரை நடப்புக்கு வராது.

கட்டுகள் அநாதையாவதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. தனி வக்கீல் ஒவ்வொருவரும் தன் சாவுக்கும் முடக்கத்துக்கும் முன்கூட்டித் திட்டம் எழுதி வைக்க வேண்டும் என்று அமெரிக்க வழக்கறிஞர் சங்கத்தின் மாதிரி விதிகளின் விளக்கக் குறிப்பு அறிவுறுத்துகிறது. புளோரிடா மாநிலம் அதைக் கட்டாயமாகவே ஆக்கியிருக்கிறது: அங்கே தொழில் நடத்தும் வக்கீல் இன்னொரு வக்கீலின் சம்மதத்தோடு அவர் பெயரைப் பதிவு செய்திருக்க வேண்டும். முதலாமவர் இறந்தால், காணாமற்போனால், இடைநீக்கம் ஆனால், நீதிமன்றம் அந்த இரண்டாமவரிடம் கட்டுகளைப் பட்டியலெடுக்கும் பொறுப்பைக் கொடுக்கலாம்.

இதைத் தமிழ்நாட்டில் கொண்டுவருவதற்குப் பார் கவுன்சிலின் ஒரு விதியும், ஒவ்வொரு நீதிமன்ற வளாகத்திலும் ஒரு பதிவேடும் போதும். வக்காலத்தில் ஜூனியர் பெயரையும் சேர்த்து எழுதும் பழக்கம் ஏற்கெனவே பல அலுவலகங்களில் இருக்கிறது. அதை முறைப்படுத்தினால் பாதி வேலை முடிந்தது. கட்டு யாருக்குச் சொந்தம் என்ற கேள்விக்கும் விடை இருக்கிறது. கட்டணப் பாக்கிக்காகக்கூட வக்கீல் அதைப் பிடித்துவைக்க முடியாது, அது கட்சிக்காரருடையது என்று 2000இல் ஆர்.டி.சக்சேனா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆகவே பதிவு செய்யப்பட்ட இரண்டாமவர் அந்த வழக்குகளைத் தானாகத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள முடியாது. அடுத்த வாய்தாத் தேதியைக் கட்சிக்காரருக்கு எழுத்தில் தெரிவிப்பது, நெருங்கிவரும் கெடுக்களுக்கு நீதிமன்றத்தில் அவகாசம் கேட்பது, யாரிடம் புது வக்காலத்துக் கொடுப்பது என்று கட்சிக்காரர் முடிவு செய்ததும் ரசீது வாங்கிக்கொண்டு கட்டை ஒப்படைப்பது ஆகிய மூன்றோடு அவர் கடமை முடியும்.